ஐந்நூறு வருஷத்துக் கோழிக் குழம்பு

ஜவ்வாது மலையில் செல்லியம்மாளின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. பார்க்க ஒன்றும் பிரமாதமான மூக்கில்லை. கொஞ்சம் சப்பை, அதில் கல் உதிர்ந்த ஒரு மூக்குத்தி. ஆனால் கறிக் குழம்புக்குப் போடும் கல்பாசியை, பாறையில் தோல் தோலாக ஒட்டி வளருமே அந்தக் கறுத்த பாசியை, ஒரு கூடை கொண்டு வந்து முன்னால் கொட்டினால் போதும். கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, எந்தப் பாறையில் சுரண்டியது, எத்தனை வெயில் காய்ந்தது, நடுவே எவ்வளவு மரப்பட்டை கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கலசப்பாக்கம் சந்தையில் ஒரு மளிகைக்காரர், "அந்தம்மா மூக்கக் கழட்டி வூட்ல வெச்சிட்டு வரட்டும், அப்பால வியாபாரம் பேசலாம்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையை மலை பூராவும் பரப்பியவளே செல்லியம்மாள்தான்.

அவள் கணவன் ரங்கசாமி தேனும் கல்பாசியும் எடுக்கிறவன். எப்பேர்ப்பட்ட பாறையிலும் பல்லி மாதிரி ஏறுவான். உலகத்தில் அவன் பயந்தது இரண்டு பேருக்கு. ஒன்று கரடி, அது ஒருமுறை அவனை அரை மைல் துரத்தி, வேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டது. இன்னொன்று யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

செல்லியம்மாளுக்கு மலைமேல் இருந்த பாரஸ்ட் பங்களாவில் சமையல் வேலை. வேலை என்றால் நிரந்தர வேலை இல்லை. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். பதினோரு வருஷம் தற்காலிகமாக இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் ஏழு வருஷம் பைல் நகரவில்லை, அதற்கப்புறம் நிரந்தரம் ஆகாததற்குக் காரணம் உப்பு. பங்களாவில் தங்கிப் போகிறவர்கள் அபிப்பிராயம் எழுத ஒரு தடித்த நோட்டு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி அதில், 'சமையலில் உப்பு அதிகம்' என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த மனிதர் வெற்றிலையோடு புகையிலை போட்டு நாக்கை வேகவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்பதை நோட்டில் யார் எழுதுவது? அந்த மூன்று வார்த்தை அவள் பைலின்மேல் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

1983 ஜனவரியில் ரேஞ்சர் அருணகிரி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷர்தான், சட்டத்துக்கு மட்டும் ரொம்பப் பயப்படுவார்.

"இந்த மாசக் கடைசில பெரிய ஆபீசர் வந்து நோட்டப் பாப்பாரு, செல்லியம்மா. வேலூர்ல கேட்டரிங் படிச்ச ஒருத்தரப் போடலாமான்னு பேச்சு அடிபடுது. இனிமே வர்றவங்க நல்ல மாதிரியா எழுதினாத்தான் உண்டு. ஒரு குத்தம் எழுதினாங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"இன்னா சார், பதினோரு வருஷம் ஆக்கிப் போட்டவளவிட கேட்டரிங் பெரிசா?" என்று கேட்டுவிட்டு வந்தாலும், அடுப்படிக்குள் போனதும் செல்லியம்மாள் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தாள். அந்த அடுப்படி அவளுடையது. அம்மி அவள் கொத்தி வைத்தது. மூலையில் மஞ்சள் பூசிய, செங்கல் உயரக் கல் ஒன்று இருந்தது. அது காளியம்மன். அரசாங்கக் கட்டடத்தில் சாமிக் கல் இருக்கலாமா என்று சட்டம் தெரிந்த ரேஞ்சர், அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அடுப்படிக்குள் நுழையும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நுழைவார். கேட்டரிங் படித்தவன் வந்தால் முதல் காரியமாகக் கல்லைத் தூக்கி வெளியே வைப்பான். அதை நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வந்து சேர்ந்தவன்தான் ஆதிநாராயணன்.

மெட்ராஸில் ஏதோ ஆராய்ச்சி நிலையம். இருபத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி, காற்றடித்தால் கூடவே போய்விடுகிற உடம்பு. வேலூர் பஸ் அடிவாரத்து அமிர்தியோடு நின்றுவிட, அங்கிருந்து மூங்கில் லாரியில் தொற்றி, மழைச்சாரலில் ஊறி, நனைந்த கோழியாக வந்து நின்றான். வந்தவன் முதலில் டீ கேட்கவில்லை, வெந்நீர் கேட்கவில்லை. பையிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அது ஈரமாகிவிட்டதா என்று தடவித் தடவிப் பார்த்தான்.

"அம்மா, அடுப்பு எங்கே இருக்கு? இதைக் கொஞ்சம் காய வைக்கணும்."

அவனே அடுப்படிக்குள் வந்து, அடுப்புக்கு மேலே இருந்த மாடத்தில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். உள்ளே கறுத்துச் சுருண்ட சின்னச் சின்னத் தோல்கள். "இது காயட்டும்மா" என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே குளிக்கப் போய்விட்டான்.

செல்லியம்மாள் பார்த்தாள். பார்த்ததும் அவள் மூக்கு சிவந்தது. கோபத்தில் இல்லை.

செல்லியம்மாளின் பிறந்த வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விருந்தாளி ஒருவர் தன் ஊர்ப் பொருளைக் கொண்டு வந்து அடுப்படியில் வைத்தால், அதை அன்றைக்கே சமைக்க வேண்டும். கொண்டு வந்தவருக்கே முதலில் போட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தால், உன் பொருள் எங்களுக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. சமைப்பதற்கு முன்னால் அதில் ஒரு கிள்ளு அம்மனுக்கு. அம்மனுக்குக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது.

பதினோரு வருஷத்தில் அந்த பங்களாவுக்கு வந்த அத்தனை பேரும் தேன் கிடைக்குமா, கொட்டை எடுத்த புளி கிடைக்குமா, சாமை அரிசி ஒரு மூட்டை கிடைக்குமா என்று வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். ஒரு பொருளைக் கையில் கொண்டு வந்து, அவள் அடுப்பின்மேல் தானே வைத்த முதல் ஆள் இந்தப் பையன். அதுவும் கல்பாசி! மலைக்கே கல்பாசி கொண்டு வந்திருக்கிறான், விவரம் தெரியாத பிள்ளை. செல்லியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு தோலை எடுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னொன்றை எடுத்து இன்னும் ஆழமாக இழுத்தாள். வெறும் கல் வாசனை.

"த்சு, த்சு. எவனோ ஏமாத்திக்கீறான்" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். பழைய சரக்கை மெட்ராஸ்காரன் இந்த அப்பாவி தலையில் கட்டிவிட்டான். பாவம், அவன் மனசு நோகக் கூடாது. ஒரு கிள்ளு எடுத்து இலையில் மடித்து அம்மன் கல்லுக்கு அடியில் செருகினாள். கோழி அடித்து, வெங்காயம் வதக்கி, வாசனை கம்மியாக இருந்ததால் வழக்கமாகப் போடுவதைப்போல நாலு மடங்காக, பொட்டலத்தில் இருந்தது மொத்தத்தையும் எண்ணெயில் போட்டாள். காகிதத்தை முன்பிருந்த மாதிரியே மடித்து மாடத்தில் வைத்தாள். அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆதிநாராயணன் குளிர் தாங்காமல் அடுப்படியிலேயே மணை போட்டு உட்கார்ந்துவிட்டான். சாமைச் சோறு, கோழிக் குழம்பு. வாசற்படியில் ரங்கசாமி. பையன் சாப்பிட ஆரம்பித்தான், பேசவும் ஆரம்பித்தான். இரண்டையும் ஒரே வாயால் செய்தான்.

"நம்ம நாட்டுக் கப்பல் ஒண்ணு போன வருஷம் அண்டார்க்டிகாவுக்குப் போயிட்டு வந்தது தெரியுமா? தென் துருவம். முழுக்கப் பனி. பூமிக்குக் கீழ்க்கோடி."

"அங்க கரடி கீதா?" என்று ரங்கசாமி கேட்டான். அவனுக்கு ஊர் எப்படி என்பதை அளக்க அந்த ஒரு அளவுதான் உண்டு.

"கரடி வடக்கே. தெற்கே ஒண்ணுகூடக் கிடையாது."

"கரடியே இல்லாத ஊரா?" ரங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப இன்னாதான் கீது?"

ஆதிநாராயணன் இடது கையால் பையைத் துழாவி ஒரு படப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். பென்குயின்கள் கூட்டமாக நின்றன. செல்லியம்மாள் கரண்டியோடு குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, கறுப்புக் கோட்டு போட்டுக்கினு கோர்ட்டுக்குப் போற மாதிரி?"

"பறவைம்மா. பறக்காது, நீந்தும். இதுல பெரிய இனம் ஒண்ணு இருக்கு. பொண்ணு ஒரே ஒரு முட்டை போடும். போட்டுட்டு ஆம்பளைகிட்ட குடுத்துட்டு மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிடும். ஆம்பளை அந்த முட்டையைத் தன் பாதத்துமேல வெச்சு, வயித்துத் தோலால மூடிக்கிட்டு, பனிக்காத்துல ரெண்டு மாசம் அப்படியே நிக்கும். சாப்பாடு கிடையாது."

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசம். அசையாது."

செல்லியம்மாள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர்களுடைய மூத்த மகளை ஒரு மத்தியானம் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு அவன் தூங்கிப்போய், குழந்தை தவழ்ந்து கோழிக் கூண்டுக்குள் போன கதை பதினெட்டு வருஷம் பழையது. இருந்தாலும் அவளுக்கு அது நேற்று நடந்தது. ரங்கசாமி புத்தகத்தை வேகமாகப் புரட்டி, "இது இன்னா சார், நாய் மாதிரி?" என்று சீல் என்கிற கடல்நாயைக் காட்டிப் பேச்சை மாற்றினான்.

"எல்லாம் கடலை நம்பி வாழுற பிராணி. நிலத்துல மட்டும் வாழுறதுல எது ரொம்பப் பெரிசு தெரியுமா? ஒரு கொசு மாதிரி பூச்சி. இறக்கை கிடையாது. ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. அவ்வளவு பெரிய கண்டத்துக்கும் அதுதான் யானை." தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க. பிரமாதமா இருக்கு. ஏதோ ஒரு மண் வாசனை."

அவள் பூரித்துப்போய் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"செடி, கொடி?" என்றான் ரங்கசாமி.

"பூக்கிற செடி மொத்தமே ரெண்டு. ஒண்ணு புல்லு. இன்னொண்ணு பாறையிடுக்கில மெத்தை மாதிரி படர்ற குட்டிச் செடி. மத்ததெல்லாம் பாசிதான். உங்க ஊர்க் கல்பாசிக்குச் சொந்தக்காரங்க. ஆனா வளர்றது இருக்கே! கட்டைவிரல் நகம் அளவு வளர ஐந்நூறு வருஷம் ஆகும். ஆயிரம்கூட ஆகலாம். அங்கே ஒரு பாசியை மிதிச்சா ராஜராஜ சோழன் காலத்தை மிதிச்ச மாதிரி." ஒரு கோழித் துண்டைக் கடித்தான். "என் புரொபசர் அதுல கொஞ்சம் வாங்கி வெச்சிருந்தார். இந்தியாவிலேயே ஒண்ணு ரெண்டு இடத்துலதான் இருக்கு. உங்க மலைப் பாசியோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு வான்னு என்னை நம்பிக் கொடுத்தனுப்பியிருக்கார். நேத்துதான் கைக்கு வந்தது. இன்னும் மைக்ராஸ்கோப்பில் வெச்சுக்கூடப் பார்க்கலை. அதோ காயுது பாருங்க."

இடது கையால் மாடத்தைக் காட்டினான்.

செல்லியம்மாள் மாடத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். அந்த வாய் மென்றுகொண்டிருந்தது.

ஐந்நூறு வருஷம் வளர்ந்ததை அவள் ஐந்து நிமிஷத்தில் வதக்கிவிட்டாள்.

"என்னம்மா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார். அடுப்புப் பொகை."

அவன் கை கழுவிக்கொண்டு பொட்டலத்தை எடுக்கப் போனபோது ஒரு பாய்ச்சலில் மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இன்னும் ஈரம் போவலீங்க. இன்னைக்கு எடுத்தா பூஞ்சக்காளான் பூத்துடும். நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து தர்றேன்." பாசி விஷயத்தில் மலைக்காரி சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் படுக்கப் போய்விட்டான்.

அம்மன் கல்லுக்கு அடியில் ஒரு கிள்ளு இருப்பது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தொட அவள் கை போகாது. அம்மனுக்குக் கொடுத்ததை எடுத்தால் குடும்பம் விளங்காது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். எடுக்காமல் உண்மையைச் சொன்னால் நோட்டில் என்ன ஏறும் என்பதும் தெரியும். உப்பு அதிகம் என்பதற்கே நாலு வருஷம். ஆராய்ச்சிப் பொருளைச் சமைத்துவிட்டாள் என்று எழுதினால் ஏழு ஜென்மத்துக்கும் தற்காலிகம்தான்.

வெயில் இறங்குவதற்குள் ரங்கசாமியை வடக்குப் பாறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே ஒரு கறுப்புப் பாசி உண்டு. வாசனையே இருக்காது என்பதால் யாரும் சீண்ட மாட்டார்கள். அதே நிறம், அதே சுருட்டல்.

"மாட்டிக்கினா இன்னா பண்ணுவே?" என்றான் ரங்கசாமி பாறையின் பாதியில் தொங்கியபடி.

"அந்தப் பறவ ரெண்டு மாசம் முட்டைய வெச்சிக்கினு வாயத் தொறக்காம நின்னுதாம். நீ ரெண்டு நாளு வாய மூடிக்கினு இரு, போதும்."

மறுநாள் காலையில் பொட்டலம் கைமாறியது. ஆதிநாராயணன் பிரித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

"நேத்தைவிடக் கொஞ்சம் அதிகமா இருக்கிற மாதிரி இருக்கே?"

"காஞ்சதுல உப்பியிருக்கும்."

"காய்ஞ்சா சுருங்கத்தானே செய்யும்?"

"எங்க ஊரு காத்து அப்படிங்க" என்றாள் செல்லியம்மாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

அன்று பூராவும் அவன் மலையில் அலைந்தான். வடக்குப் பாறை உட்பட, பார்த்த பாறையை எல்லாம் சுரண்டினான். சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. செல்லியம்மாள் டீ கொண்டு போய் வைத்தாள், ஆறியது. இன்னொன்று வைத்தாள், அதுவும் ஆறியது. மூன்றாவது தடவை போனபோது அவன் நாற்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணுதான்! ரெண்டும் ஒண்ணுதான், செல்லியம்மா! உங்க வடக்குப் பாறையில வளர்றதும் பனிக்கண்டத்துல வளர்றதும் ஒரே இனம்! ஒரு நூல் வித்தியாசம் கிடையாது!"

எப்படி வித்தியாசம் இருக்கும்? இரண்டும் ஒரே பாறையில் சுரண்டியது.

"பல கோடி வருஷத்துக்கு முன்னால நம்ம நாடும் அந்தப் பனிக்கண்டமும் ஒண்ணா ஒட்டியிருந்தது. அப்புறம்தான் பிரிஞ்சு வந்தோம். பிரியறப்ப கூடவே வந்த பாசி இது! உலகத்துல ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கலை!"

"அப்ப அது நமக்குப் பங்காளி ஊருங்களா?" என்று பலவீனமான குரலில் கேட்டாள்.

"பங்காளியேதான்! நாளைக்கு ரேஞ்சர் ஜீப்புல லெட்டர் கொடுத்தனுப்பப் போறேன். புரொபசர் உடனே டெல்லிக்கு எழுதுவார். பேப்பர்ல வரும்."

"ஒருவேளை தப்பா இருந்தா, சார்?"

அவன் சிரித்தான். "தப்பா இருந்தா என் ஆயுசுக்கும் ஒரு பய என்னை மதிக்க மாட்டான். புரொபசர் மூஞ்சியில முழிக்க முடியாது. வேலைய விட்டுட்டு ஊர்ல ஏர் ஓட்ட வேண்டியதுதான். ஆனா தப்பில்லையே! கண்ணால பார்த்தேனே!"

செல்லியம்மாளுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக ஒரு பிள்ளை கன்றுக்குட்டி மாதிரி கிணற்றை நோக்கி ஓடுகிறது. கயிற்றை அறுத்துவிட்டது அவள். தன் வேலை போய்விடுமே என்று அவன் வேலையைக் காவு கொடுப்பதா? தன் அடுப்பில் பொருள் கொண்டு வந்து வைத்தவனுக்கா? ஒரு பக்கம் மஞ்சள் கல், அடுப்பு, பதினோரு வருஷம். இன்னொரு பக்கம் நாற்காலிமேல் ஏறி நின்று சிரித்த முகம். காலையில் தோசை ஊற்றினாள், கருகியது. இன்னொன்று ஊற்றினாள், அதுவும் கருகியது. கருகிய தோசையை அவள் வாழ்க்கையில் யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது தோசை கல்லில் இருக்கும்போது வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

தோசைத் திருப்பியோடு ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் நின்றாள்.

"வண்டிய நிறுத்துங்க! அந்த லெட்டர எடுத்துக்கினு போவாதீங்க!"

ரேஞ்சர் அருணகிரி பதறி பிரேக்கை மிதித்தார். வழியனுப்ப வந்து நின்ற ஆதிநாராயணன் வாயைப் பிளந்தான்.

"பொட்டலத்துல இருக்கறது எங்க வடக்குப் பாறப் பாசிங்க. உங்க பாசிய அன்னைக்கே கோழிக் குழம்புல போட்டுட்டேன். நீங்க எனக்கோசரம் கொண்டாந்தீங்கன்னு நெனச்சேன் சார். எங்க வூட்டு வழக்கம், வந்தவங்க கொண்டாந்தத அன்னைக்கே சமைக்கணும். அப்பால நீங்க சொன்னப்பதான் தெரிஞ்சிது. பயந்துக்கினு மாத்தி வெச்சிட்டேன். எங்க வூட்டுக்காரரு பாறையில ஏறினாரு, ஏறச் சொன்னது நான்தான். எழுதறதா இருந்தா என்மேலயே எழுதுங்க."

அடுப்படியிலிருந்து மூன்றாவது தோசை கருகும் வாசனை வந்தது.

"எல்லாத்தையுமா?" என்று கடைசியில் ஆதிநாராயணன் கேட்டான்.

"நீங்கதான சார் ரெண்டு தபா வாங்கி சாப்புட்டீங்க."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கையைத் தலையிலும் இன்னொன்றைத் தன் வயிற்றிலும் வைத்துக்கொண்டான். ரேஞ்சர் இறங்கி வந்து, ஒரு சட்டமும் ஞாபகம் வராமல், தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"ஒரு கிள்ளு கீது" என்றாள் செல்லியம்மாள். "ஆனா அது அம்மனுக்குக் குடுத்தது. நான் எடுத்துத் தர முடியாது. அம்மனே தந்தாத்தான் உண்டு."

"நான் வேணும்னா கேட்கிறேன்" என்று எழுந்தான், அறிவியல் படித்த ஆதிநாராயணன்.

மூவரும் அடுப்படிக்குள் போனார்கள். ரேஞ்சர் பழக்கதோஷத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே நுழைந்து அம்மியில் தடுக்கி விழப் பார்த்தார். செல்லியம்மாள் கல்லைக் கழுவி, புது மஞ்சள் பூசி, உச்சியில் ஒரு அரளிப் பூவை ஒட்டி வைத்தாள். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் பேச்சே இல்லை.

பூ விழவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. ஆதிநாராயணன் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பூவையே பார்த்தான். ஒரு தடவை அது இடது பக்கம் லேசாகச் சாய, "ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்று தன்னை அறியாமல் கும்பிட்டான்.

செல்லியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து நேராகவே பேசினாள்.

"இன்னாத்துக்கு இப்படிப் பிடிவாதம் புடிக்கிறே? எடுத்துக்கினு ஓடிடுவோம்னு நெனச்சியா? கைமாத்தா குடு தாயே. இந்தப் புள்ள ஒரு நாளு அந்தப் பனி ஊருக்குப் போவும். போனா உன் பங்க இதவிட நல்லதா கொண்டாந்து உன் காலடியில வெச்சிட்டுத்தான் மறு வேல பாக்கும். இன்னா சார், வெப்பீங்கதான?"

"வெப்பேன், சத்தியமா வெப்பேன்" என்றான் அவன்.

அப்போது, ஜீப்பை அணைக்க வேண்டாமா என்று கேட்க ரங்கசாமி வெளியிலிருந்து கதவைத் திறந்தான். பூ வலது பக்கம் விழுந்தது. கதவு திறந்த காற்றில்தான் விழுந்தது என்று ரேஞ்சர் பிற்பாடு பலரிடம் சொன்னார். காற்று மட்டும் யார் பேச்சைக் கேட்டு வந்ததாம் என்று செல்லியம்மாள் திருப்பிக் கேட்டாள்.

இலைக்குள் நாலு தோல் இருந்தது. ஆதிநாராயணன் அதில் ஒரு துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். வடக்குப் பாறைப் பாசிக்கும் அதற்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள தூரம். லெட்டரை வாங்கி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கொஞ்சம் அழுகையும் அதில் இருந்திருக்கலாம்.

"நல்ல வேளை நிறுத்தினீங்க, செல்லியம்மா. இது டெல்லிக்குப் போயிருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்."

மத்தியானம் கிளம்புமுன் நோட்டைக் கேட்டான். செல்லியம்மாள்தான் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். அவன் பழைய பக்கங்களைப் புரட்டிப் படித்துவிட்டு எழுதினான். என்ன எழுதினான் என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேஞ்சர் வாசித்துக் காட்டினார்.

'மூன்று நாள் தங்கினேன். கோழிக் குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சமையல் செய்யும் அம்மாள், தன் வேலை போனாலும் போகட்டும் என்று என் வேலையைக் காப்பாற்றினார். உப்பு சரியாக இருந்தது.'

"நடுவுல இருக்கறது பெரிய ஆபீசருக்குப் புரியாது" என்றார் ரேஞ்சர். "ஆனா அந்தக் கடைசி வரி போதும், செல்லியம்மா. அப்புறம், பாறையில ஏறிப் பாசிய மாத்தி வெச்ச விஷயம் நான் பாக்கல. கூரையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ஏப்ரலில் உத்தரவு வந்தது. உப்பு தொடர்பான முந்தைய குறை நீங்கிவிட்டபடியால் செல்லியம்மாள் இதன்மூலம் நிரந்தரமாக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது. அதை அவள் சட்டம் போட்டு மாட்டவில்லை. அம்மன் கல்லுக்கு அடியில், அந்தக் கிள்ளு இருந்த காலி இடத்தில், மடித்து வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, 1985 மே மாதத்தில், தாடியும் வெயிலில் உரிந்த மூக்குமாக ஓர் ஆள் பங்களா வாசலில் வந்து நின்றான். அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆயிற்று. முந்தைய டிசம்பரில் தென் துருவத்துக்குக் கிளம்பிய கப்பலில் ஆதிநாராயணன் போய்விட்டு வந்திருந்தான். கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை, மாடத்தில் வைக்கவில்லை, அடுப்பின் பக்கம்கூட வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மூலைக்குப் போய், அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டான். பொட்டலத்தின்மேல் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"இன்னா சார் எழுதிக்கீது?"

"'இது அம்மனுக்கு. சமைக்கக் கூடாது.'"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அம்மன் படிக்கட்டும்" என்றான்.

அன்றைக்கும் கோழிக் குழம்புதான். தட்டில் ஊற்றியதும் அவன் முதல் வாய் வைப்பதற்கு முன் குனிந்து முகர்ந்து பார்த்தான். செல்லியம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க சார், நம்பிக்க இல்லியா? நம்ம பாறைக் கல்பாசிதான். ரெண்டே ரெண்டு கிள்ளு."

அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். ரங்கசாமி வாசற்படியில் உட்கார்ந்து, அந்த ஊரில் நிஜமாகவே கரடி இல்லையா என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டான். முட்டையைப் பாதத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் பறவையைப் பார்த்தீர்களா என்று செல்லியம்மாள் கேட்டாள்.

"அது வேற இடம், வேற மாசம். அதுக்குத் தம்பி முறையான சின்னப் பென்குயினைத்தான் பார்த்தேன். கிட்ட வந்து என் பூட்ஸைக் கொத்திட்டுப் போச்சு. கடல்நாயைப் பார்த்தேன். பனியையும் கல்லையும் தவிர வேற எதுவும் இல்லாத ஒரு இடத்துல மூணு நாள் நடந்தேன். அழுகை வர்ற மாதிரி இருந்தது, செல்லியம்மா, அவ்வளவு தனிமை. அப்புறம் ஒரு பாறை இடுக்குல இந்தப் பாசி. கறுப்பா, சுருண்டு, ஐந்நூறு வருஷமா அங்கேயே ஒட்டிக்கிட்டு. கூட வந்தவங்க எல்லாம் மண்டி போட்டு போட்டோ எடுத்தாங்க."

"நீங்க?"

அவன் தட்டைப் பார்த்தான். கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"எனக்கு வாயில எச்சில் ஊறிச்சு" என்றான்.

செல்லியம்மாளின் மூக்கு சிவந்தது. சட்டியை அருகே இழுத்து, அவன் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.